மெஸ் ரெப்பா மாட்டிக்கிட்டீங்களா? ஒரு மாசம் தாக்குப்பிடிக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், இது கான்ட்ராக்டர் நடத்துற மெஸ்ஸுக்கு இல்ல. மாசம் இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு கேட்டரிங்காரரே எல்லாத்தையும் பாத்துக்கிற காலேஜ்ல நீங்க படிச்சா சாப்பாடு நல்லால்லன்னு நோட்டுல எழுதிட்டு வந்து படுத்துக்கலாம். நான் சொல்றது டிவைடிங் சிஸ்டம். கவர்மென்ட் காலேஜ் ஹாஸ்டல்ல நிறைய இடத்துல இன்னும் இதுதான், மாசம் முழுக்க ஆன செலவை சாப்பிட்ட தலைங்களுக்குப் பங்கு போட்டு பில்லு போடறது, லாபம்னு யாருக்கும் ஒண்ணும் கிடையாது, மாஸ்டர் சமைப்பார், வார்டன் கையெழுத்துப் போடுவார், நடுவுல அரிசி பருப்பு வாங்கி கணக்கு எழுதி எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆளுக்குப் பேருதான் மெஸ் ரெப்.

எங்க ஹாஸ்டல் கோயமுத்தூர்ல. 240 பேர். மூணாவது வருஷம் குலுக்கல்ல எங்க ரூம் நம்பர் விழுந்துச்சு, ரூம்மேட் அன்னிக்குன்னு பாத்து ஊருக்குப் போயிருந்தான், அதனால நான்தான்னு முடிவாயிடுச்சு. அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச சமையல் மேகி மட்டும்தான், அதுவும் கெட்டில்ல. அந்த ஒரு மாசத்துல அடிபட்டு கத்துக்கிட்டத எழுதறேன், உங்க ஹாஸ்டல் ரூல் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

பில்லு எப்படி வருதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும், முக்கால்வாசிப் பேருக்கு நாலு வருஷம் சாப்பிட்டும் இது தெரியாது. மாசம் ஆரம்பத்துல ஸ்டோர்ல இருந்த சரக்கு, அதோட அந்த மாசம் வாங்கினது, ரெண்டையும் கூட்டி மாசக் கடைசில மிச்சம் இருக்கிற சரக்கைக் கழிச்சா அந்த மாசம் தின்ன செலவு. கேஸ், வண்டி வாடகை இதெல்லாம் மேல சேரும். ஆளுங்க சம்பளம் எஸ்டாப்ளிஷ்மென்ட்னு தனியா போகும், அதை விடுங்க. இன்னொரு பக்கம் மொத்தம் எத்தனை மெஸ் நாள்னு பாக்கணும். 240 பேர் 30 நாள்னா 7,200, அதுல ஊருக்குப் போறேன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்து ரிடக்‌ஷன் வாங்கினவங்க நாளெல்லாம் ஒரு 1,100 போச்சுன்னா மிச்சம் 6,100. செலவு 5,49,000னு வச்சுக்கோங்க, 6,100ஆல வகுத்தா 90 ரூபா. அதுதான் டே ரேட். முழு மாசமும் இருந்தவனுக்கு 2,700. உதாரணத்துக்குத்தான் சொல்றேன், உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கும்.

ரெப் ஆனவுடனே எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். கடைல பேரம் பேசி ரேட்டைக் குறைச்சிட்டா பில்லு குறைஞ்சிடும்னு நினைச்சு முதல் வாரம் பூரா ரங்கே கவுடர் வீதியிலயே சுத்தினேன். அரிசி மண்டி, மளிகை மண்டியெல்லாம் அங்கதான், ஒவ்வொரு கடையா ஏறி சாம்பிள் அரிசியை உள்ளங்கைல போட்டு ஊதிப் பாத்து பெரிய மனுஷன் மாதிரி ரேட் கேட்டேன். ஒரு கடைல மூட்டை 1,360, பக்கத்துக் கடைல 1,400. நாப்பது ரூபா கம்மின்னு ஓடிப்போய் 1,360க்கு வாங்கிட்டு வந்தா மாஸ்டர் மூட்டையத் திருப்பிப் பாத்துட்டு சிரிக்கிறார், தம்பி இது 25 கிலோ, பக்கத்துக் கடைக்காரன் குடுக்கறது 26 கிலோன்றார். விஷயம் என்னன்னா 2022 ஜூலை 18ல இருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல எடை இருந்தா வரி கிடையாது, அதனால நிறைய மில்லுக்காரங்க 26 கிலோ மூட்டைக்கு மாறிட்டாங்க. கணக்குப் போட்டா அந்த 1,400 மூட்டை கிலோ 53.85, நான் ஜெயிச்சேன்னு தூக்கிட்டு வந்தது 54.40. ஸோ மூட்டை ரேட் கேக்காதீங்க, கிலோ ரேட் கேளுங்க, பில்லுல எடை எழுதி வாங்குங்க.

ஆனா இதுல இன்னொரு கூத்து என்னன்னா, அந்த 55 பைசாவை மாசம் பூரா ஆகுற 1,200 கிலோவால பெருக்கினா 660 ரூபா. 240 பேருக்குப் பிரிச்சா தலைக்கு மூணு ரூபா கூட வராது. அதே வாரம் சனிக்கிழமை மதியம் 200 பேருக்கு ஆக்கச் சொல்லி 110 பேர் வந்து 90 சாப்பாடு கீழ போச்சு. ஒரு சாப்பாடு 35 ரூபான்னு பிடிச்சாக்கூட 3,150. ஒரு வேளைல. அன்னைக்குத்தான் மண்டைல உறைச்சுது, பில்லு ஏறுறது மார்க்கெட்டுல இல்ல, தலைக்கணக்குல.

அதனால ரெப்போட முதல் வேலை நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு சொல்றது. ராத்திரி ஸ்டோர்ல இன்டென்ட் எழுதிக் குடுப்பீங்க, அரிசி இவ்வளவு பருப்பு இவ்வளவு எண்ணெய் இவ்வளவுன்னு, அந்தத் தாள்ல நீங்க போடற ஒரு நம்பர்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. வாட்ஸப் குரூப்ல போல் வைக்கலாம்னு உங்களுக்குத் தோணும். வைக்காதீங்க. நம்ம பசங்க போல்ல பொய் சொல்றவங்க இல்ல, ஆனா ராத்திரி பத்து மணிக்கு வர்றேன்னு குத்துறவன் காலைல எந்திரிக்க மாட்டான், வரலன்னு குத்துனவன் கைல காசு இல்லாம வந்து நிப்பான். நான் மூணு நாள் போல் வச்சேன், மூணு நாளும் முப்பது நாப்பது தலை வித்தியாசம் வந்துச்சு.

எனக்கு வேலைக்கு ஆனது தட்டு. எங்க மெஸ்ல எவர்சில்வர் தட்டு, சாப்பிட்டு முடிச்சு கழுவுற தொட்டில போட்டுட்டுப் போவாங்க. தட்டு கழுவுற அக்கா கிட்ட அக்கா அடுக்கும்போது இருபது இருபதா அடுக்கி எத்தனை அடுக்குன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான். காலைல, மதியம், ராத்திரி மூணு நம்பர். அதை தினசரி காலண்டர் கிழிக்கிற தாளோட பின்னாடி எழுதி ஸ்டோர் ஆணியில குத்தி வச்சேன், கூடவே அன்னிக்கு என்ன மெனு, என்ன கிழமை, மழையா, லீவா, எதாவது விசேஷமான்னு ஒரு வரி. பத்து நாள் ஆச்சுன்னா உங்களுக்கே ஒரு ரூபம் தெரிய ஆரம்பிக்கும்.

எங்க ஹாஸ்டல் ரூபம் என்னன்னா, வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் ஃபுல்லா இருக்கும், ராத்திரி பாதி காலி. ஈரோடு சேலம் பசங்க நாலு மணிக்கே பேக்கத் தூக்கிட்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிருவாங்க, மதுரை தேனிப் பசங்க சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்காரன் உக்கடம். ஆனா அன்னிக்கு செம மழைன்னா நாளைக்குக் காலைல போலாம்னு நாப்பது பேர் தங்கிருவான், ராத்திரி திடீர்னு வரிசைல நிப்பான், ஸோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானத்தைப் பாக்கறதும் ரெப் வேலைதான். மாசம் முதல் வாரம் வீட்ல இருந்து காசு வந்திருக்கும், ராத்திரி பரோட்டா கடைக்குப் போவாங்க, கம்மியா போடலாம். இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல ஒருத்தன் வெளிய போக மாட்டான், உப்புமா போட்டாலும் திங்க வருவான். இன்டர்னல்ஸ் சமயத்துல மூணு வேளையும் ஃபுல். உருளைக்கிழங்கு வறுவல் போட்டா வழக்கத்தை விட அரிசி நாலஞ்சு கிலோ கூட ஆகும், கோஸ் பொரியல்னா அதே அளவு மிச்சம் ஆகும். இதெல்லாம் எவனும் சொல்லித்தர மாட்டான், காலண்டர் தாள்தான் சொல்லும்.

தட்டுக்கணக்கு எத்தனை பேர் வந்தான்னு சொல்லும், திங்கிறானா கொட்டுறானான்னு சொல்லாது. அதுக்கு பக்கெட்டைப் பாக்கணும். எங்க மெஸ் மிச்சத்தை எடுக்க பன்னிப் பண்ணைக்காரர் ஒருத்தர் டிவிஎஸ் ஃபிஃப்டியில ரெண்டு பக்கமும் ட்ரம் கட்டிட்டு மூணு மணிக்கு வருவார், வயசானவர், பசங்க யாரும் அவர்கிட்ட பேசினதில்ல. ரெண்டாவது வாரம் நான் ஸ்டோர் வாசல்ல உக்காந்து கணக்கு எழுதிட்டு இருந்தப்ப அவரே கேட்டார், ஏந்தம்பி இன்னிக்கு கொழம்பு நல்லா இருந்துச்சுங்களாட்டயிருக்குது, ட்ரம்மு பாதிகூட வல்லீங்க. அன்னிக்கு சின்ன வெங்காய சாம்பார். அப்புறம் பேச்சு குடுத்துப் பாத்தா மனுஷன் எங்க மெனுவ மனப்பாடமா சொல்றார், செவ்வாக்கிழமை பீட்ரூட்டு, அது அப்படியே வருமுங்க, வெசாலக்கெழம ரசம் சோறு நெறைய வரும், ஞாயித்துக்கிழமை எலும்பு மட்டுந்தானுங்கன்னு. மெஸ் கமிட்டில ஒரு மணி நேரம் மெனுவுக்கு சண்டை போட்டதுல தெரியாதது இவர்கிட்ட ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுது. பீட்ரூட்டைத் தூக்கினேன். உங்க மெஸ்லயும் இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், போய் பேசுங்க.

இனி அளவு. மாஸ்டருக்கு எல்லாம் கைக்கணக்கு, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கணும். மதியச் சாப்பாட்டுக்கு தலைக்கு 150 கிராம் அரிசி, 200 பேர்னா 30 கிலோ. சாம்பாருக்கு துவரம்பருப்பு தலைக்கு 30 கிராம், 6 கிலோ. இட்லிக்கு நாலு பங்கு இட்லி அரிசி ஒரு பங்கு உளுந்து, எங்க தட்டு அச்சுக்கு கிலோ அரிசிக்கு நாப்பது நாப்பத்தஞ்சு இட்லி வந்துச்சு, உங்க அச்சு சின்னதா பெருசான்னு ஒரு தடவை எண்ணிப் பாத்துக்கோங்க. பழைய அரிசின்னா தண்ணி நல்லா இழுக்கும், சோறு காணும், புது அரிசி குழைஞ்சு போய் கம்மியா தெரியும், அதனால மூட்டை மாறும்போது முதல் நாள் மாஸ்டரைக் கேட்டுட்டு அளவைப் போடுங்க.

முட்டை ரொம்ப சுலபம். நாமக்கல் பெட்டி ஒண்ணுல 210, ஒரு அட்டைல 30. எங்களுக்கு 240 பேர், ஒரு பெட்டி ஒரு அட்டை, கடவுளே கணக்குப் பண்ணி வச்ச மாதிரி. பேப்பர்ல தினம் வர்ற நாமக்கல் ரேட்டு பண்ணை விலை, கடைக்காரர் அதுக்கு மேல வண்டி வாடகை, லாபம்லாம் வச்சுத்தான் குடுப்பார், எவ்வளவு மேல வைக்கிறார்னு பாத்தா போதும். புரட்டாசி வந்தா ஊரே கறி முட்டையை விட்டுரும், பொதுவா விலை இறங்கும், செப்டம்பர் பாதில இருந்து அக்டோபர் பாதி வரைக்கும் ரெப் ஆகறவன் அதிர்ஷ்டசாலி. அந்த மாசம் முட்டை நாளைக் கூட்டலாம், ஆனா சனிக்கிழமை மட்டும் போடாதீங்க, நம்ம ஹாஸ்டல்லயும் திங்காதவங்க நிறைய.

கோழிக்கு வருவோம், ஏன்னா உங்க பேரு நிக்கறதும் போறதும் ஞாயித்துக்கிழமை மதியம்தான். பக்கத்துல கோழிப்பண்ணைங்க நிறைஞ்ச பல்லடம் இருக்கறதால ரேட்டு அங்க இருந்துதான் வரும், ஆனா பல்லடம்னு பேப்பர்ல போடறது உயிர்க்கோழி பண்ணை விலை. தோலுரிச்சு சுத்தம் பண்ணா நூறு கிலோவுக்கு அறுபத்தஞ்சு கிலோ பக்கம்தான் கறி தேறும், அதனால உயிர்க்கோழி ரேட்டைக் காட்டி கறிக்கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போய் அசிங்கப்படாதீங்க, நான் போனேன். தலைக்கு 200 கிராம்னு 160 பேருக்கு 32 கிலோ. எடை போடும்போது ஆள் கூட இருக்கணும், கடைல எடை போட்டதுக்கு அப்புறம் நம்ம மெஸ் தராசுலயும் போடணும், எங்களுக்கு முதல் ஞாயிறு ஒன்றரை கிலோ குறைஞ்சுது, கேட்டதுக்கு தண்ணி வடிஞ்சிருச்சு தம்பின்னாங்க. அடுத்த வாரம் தராசை வண்டிலயே தூக்கிட்டுப் போனேன், தண்ணி வடியல.

பீஸ் சைஸ் ஒண்ணு. வெட்டும்போதே சொல்லிடணும், கிலோவுக்கு இத்தனை துண்டுன்னு. பெருசா வெட்டினா ஒருத்தனுக்கு மூணு இன்னொருத்தனுக்கு ஒண்ணுன்னு ஆகும், அங்கதான் சண்டை ஆரம்பிக்கும். நாங்க கிலோவுக்கு 20 துண்டு வெட்டச் சொல்லி தலைக்கு நாலு, ரெப் கையாலயே பரிமாறினேன். ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் வந்து என்னடா தம்பி பாத்துப் போடுன்னார். அண்ணா எல்லாருக்கும் நாலுதாண்ணான்னு சொல்லிட்டேன். ஒரு வாரம் பேசல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை யாரும் கேக்கல. முதல் ஆளுக்கு விட்டீங்கன்னா அறுபதாவது ஆளுக்கு குழம்பு மட்டும்தான், அந்த அறுபதாவது ஆளு பெரும்பாலும் ஃபர்ஸ்ட் இயரா இருப்பான், வாய திறக்க மாட்டான், ஆனா அவனும் அதே 90 ரூபாதான் குடுக்கறான்.

காய்கறிக்கு மேட்டுப்பாளையம் ரோடு எம்ஜிஆர் மார்க்கெட். விடியறதுக்கு முன்னாடி போகணும், ஆறு மணிக்கு மேல போனா பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான். தினம் போகத் தேவையில்ல, வாரம் மூணு நாள் போதும். கேரட், கோஸ், பீன்ஸ் எல்லாம் ஊட்டிப் பக்கத்துல இருந்து வர்றது, மழைல ரோடு அடைச்சா ரேட்டு எகிறும், அன்னிக்கு பூசணி, சுரைக்காய், புடலங்காய்னு நாட்டுக்காய்க்கு மாறிக்கோங்க, மெனு போர்டுல என்ன எழுதியிருந்தாலும் பரவால்ல. தக்காளி விலை ஏறினா புளியைக் கூட்டி தக்காளியைக் குறைக்கறது மாஸ்டருக்குத் தெரியும், நீங்க சொன்னாப் போதும். சின்ன வெங்காயம் ருசிதான், ஆனா பத்து கிலோ உரிக்க யார் இருக்கா? நாங்க பண்ணது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவி ஹால்ல மேட்ச் ஓடும்போது நாலு முறத்தைக் கொண்டுபோய் நடுவுல வச்சுட்டோம். ஆளுக்கு ஒரு கை உரிச்சாங்க. தோல் மறுநாள் காலை வரைக்கும் ஃபேன் காத்துல பறந்துச்சு, வார்டன் கேட்டார், அது வேற கதை.

மாஸ்டரைப் பத்தி ஒரு வார்த்தை. அவர் இருபது வருஷமா அங்க இருக்கார், நீங்க முப்பது நாள். போன முதல் நாளே எண்ணெய் ஏன் இவ்வளவுன்னு கேட்டீங்கன்னா அந்த மாசம் முடிஞ்சுது. முதல் ரெண்டு நாள் காலைல நாலரைக்கு எந்திரிச்சு கிச்சன்ல போய் சும்மா நில்லுங்க, அடுப்பு பத்த வைக்கறதுல இருந்து பாருங்க, டீ குடுத்தா குடிங்க. மூணாவது நாள் அவரே சொல்லுவார், தம்பி இந்தப் பருப்பு வேக மாட்டேங்குது, கேஸ் தின்னுதுன்னு. எங்களுக்கு அப்படித்தான் ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. சிறுவாணித் தண்ணி, அதான் குழாய்ல வர்ற நல்ல தண்ணி, வராத நாள்ல போர் தண்ணில பருப்பைப் போடுவாங்க, உப்புத்தண்ணில பருப்பு லேசுல வேகாது, முக்கால் மணி நேரம் கூட எரியும். ராத்திரியே பருப்பை ஊறப்போட ஆரம்பிச்சோம், ரெண்டு ட்ரம் நல்ல தண்ணிய பருப்புக்கும் டீக்கும்னு தனியா பிடிச்சு மூடி வச்சோம். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலை பொதுவா ஒண்ணாம் தேதி மாறும், அதனால மாசக் கடைசில எத்தனை ஃபுல் எத்தனை காலின்னு எண்ணி வச்சுக்கோங்க. வீட்டு சிலிண்டரை மெஸ்ல மாட்டலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க, சட்டப்படி தப்பு, மாட்டிக்கிட்டா வார்டனோட சேத்து நீங்களும்.

மாவு புளிக்கறது ஒரு தனி சயின்ஸ். நவம்பர் டிசம்பர்ல கோயமுத்தூர் குளிருக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டினா காலைல இட்லி கல்லு மாதிரி வரும், மதியம் மூணு மணிக்கே ஆட்டிடணும். ஏப்ரல்ல அதே மூணு மணிக்கு ஆட்டினா ராத்திரிக்குள்ள பொங்கி அண்டாவை விட்டு வழிஞ்சு புளிச்ச வாடை ஸ்டோர் வரைக்கும் வரும். நம்ம மாசத்துல ஒரு நாள் கிரைண்டர் கல்லு நின்னுபோச்சு. வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே வாங்கி வச்சிருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு கிரைண்டர் ரிப்பேர், இன்னிக்கு டிபன் ரவை உப்புமான்னு போர்டுல எழுத எனக்கே வெக்கமா இருந்துச்சு. ரிப்பேர்காரர் நம்பரை முதல் நாளே வாங்கி செவுத்துல எழுதி வைங்க.

எண்ணெய்ல மட்டும் கண்டிப்பா இருங்க. பூரி சுட்ட எண்ணெயை மறுநாள் வடைக்கு, வடை சுட்டதை தாளிக்கன்னு ஓட்டுற பழக்கம் நிறைய கிச்சன்ல உண்டு. திரும்பத் திரும்பக் காஞ்ச எண்ணெய் கெட்டுப்போகும், அதுக்கு 2018 ஜூலையில இருந்து எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரம்பே வச்சிருக்கு, எண்ணெய் காயக் காய அதுல சேர்ற மொத்த போலார் காம்பவுண்ட்ஸ் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. நம்மகிட்ட மீட்டரா இருக்கு? இல்ல. கறுத்து, நுரைச்சு, பிசுபிசுன்னு ஆச்சுன்னா தனி டின்ல ஊத்தி வச்சு பயோடீசலுக்கு எடுக்கறவங்ககிட்ட குடுத்துருங்க, வர்ற காசை வரவுல எழுதுங்க. நான் பூரியை பதினஞ்சு நாளைக்கு ஒருக்கான்னு குறைச்சேன், அதுக்குத்தான் என்னை அதிகமா திட்டினாங்க.

யார் யாருக்கு என்ன வேணும்ங்கறதை மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வைக்கணும். கார்த்திகைல மாலை போட்டவங்க இருப்பாங்க, அவங்களுக்கு தனி பாத்திரம், தனி கரண்டி, ஞாயித்துக்கிழமை கறி வேகுற அடுப்புல இருந்து தள்ளி. ரம்ஜான் மாசம்னா நோன்பு பிடிக்கிற பசங்க எத்தனை பேர்னு முன்னாடியே எண்ணிடுங்க. எங்களுக்கு பதினோரு பேர், நோன்புக்கு முன்னாடி விடியக்காலைல சாப்பிடற சஹர் நேரத்துக்கு நாலு மணிக்கு மாஸ்டர் வர முடியாது, அதனால ராத்திரியே சோறு, குழம்பு, ஆளுக்கொரு முட்டைன்னு ஹாட்பாக்ஸ்ல போட்டு சாவிய அவங்ககிட்டயே குடுத்துட்டோம், பகல்ல சாப்பிடாத வேளையை எப்படி கழிக்கறதுன்னு வார்டன்கிட்ட பேசி அந்த மாசத்துக்கு எழுதி வாங்கிட்டோம். வாயால பேசி வச்சீங்கன்னா பில்லு வர்ற அன்னிக்கு சண்டை வரும். காய்ச்சல்னு படுத்தவனுக்கு கஞ்சி, ரசம் சாதம் ரூமுக்குப் போகணும், அதுக்கு யார் எடுத்துட்டுப் போவான்னும் ஒரு ஆளை முன்னாடியே பிடிச்சு வைங்க.

காசு விஷயம் சுருக்கமா சொல்றேன். உங்க சொந்த ஜிபேல மெஸ் காசைக் கலக்காதீங்க, பத்து ரூபா கொத்தமல்லிக்குக்கூட. மளிகை, அரிசிக்கெல்லாம் ஆபீஸ்ல இருந்து செக், மார்க்கெட்டுக்கு மட்டும் அட்வான்ஸ். காய்க்கடைல துண்டுச் சீட்டுதான் குடுப்பாங்க, பரவால்ல, அன்னன்னிக்கே வவுச்சர்ல ஒட்டி வார்டன் கையெழுத்து. அன்னன்னிக்கு, வாரக் கடைசில இல்ல. ஒரு சீட்டு தொலைஞ்சா அது உங்க பாக்கெட்ல இருந்துதான் போகும், எனக்கு 840 ரூபா போச்சு, ஜீன்ஸோட சேத்து துவைச்சிட்டேன். மார்க்கெட் போன நாள் முதல் ஹவர்ல தூக்கம் வரும், அட்டெண்டன்ஸ் 75க்கு கீழ போனா மெஸ் ரெப்பா இருந்தேன்னு ஹெச்ஓடிகிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பார். அதனால கூட ஒரு ஆளைச் சேத்துக்கோங்க, ஆளுக்கொரு நாள் மார்க்கெட், முடிஞ்சா செமஸ்டர் எக்ஸாம் வர்ற மாசத்தை யார்கிட்டயாவது தள்ளி விட்டுருங்க.

கடைசி நாள். இங்கதான் நிறைய ரெப் கவுந்து விழறது. மாசக் கடைசி ராத்திரி ஸ்டோரைப் பூட்டி மூட்டை மூட்டையா எடை போட்டு க்ளோசிங் ஸ்டாக் எழுதணும், புது ரெப்பும் கூட நிக்கணும், ரெண்டு பேர் கையெழுத்து. கண்ணளவுல பாத்து எழுதாதீங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு புளி மூட்டையை முழு மூட்டைன்னு எழுதிட்டுப் போயிருந்தார், அடியில பாதி சாக்குதான், அந்தக் குறை என் மாசச் செலவுல ஏறுச்சு. நம்ம கணக்குல 30,000 ரூபா சரக்கை எழுதாம விட்டோம்னு வைங்க, 6,100ஆல வகுத்தா டே ரேட் கிட்டத்தட்ட 5 ரூபா ஏறும், மாசத்துக்கு தலைக்கு 150 ரூபா. உப்பு, மஞ்சள்தூள் பாக்கெட் வரைக்கும் எண்ணுங்க. மூலைல எலி கடிச்ச மூட்டை எதாவது இருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க.

நான் எடை போட்டு முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. முந்தின மாசம் 94 இருந்தது எங்க மாசம் 88ல வந்து நின்னுச்சு, நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம், அதுக்குக் கீழ எவனோ பேனாவால பூரி எங்கடான்னு எழுதி வச்சிருந்தான். காலண்டர் தாள் முப்பதையும் ஒரு கம்பில கோத்து சாவியோட சேத்து அடுத்த ரெப்கிட்ட குடுத்தேன், தட்டுக்கணக்கு, ட்ரம்காரர், பருப்புத் தண்ணின்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டு இருக்கேன், ரெண்டாவது வருஷப் பையன், எல்லாத்துக்கும் தலையாட்டிட்டே இருந்தான். எல்லாம் முடிஞ்சு எதாவது டவுட் இருக்காடான்னேன்.

"இல்லண்ணா. ஞாயித்துக்கிழமை மட்டன் போட்டா எவ்ளோண்ணா ஆகும்?"

வெள்ளிக்கிழமை வானத்தைப் பாத்துட்டு சொல்றேன்டான்னுட்டு போய்ப் படுத்துட்டேன்.